பத்து வயது மருமகன்

அத்தியாயம் 5

"என்னை எங்க புதைக்கிறதெண்டு முடிவெடுக்க உவர் ஆர்?"

சந்திரவதனா கதிரையில் உட்காரவில்லை. குளிருக்குப் போட்டிருந்த மேலங்கியைக் கழற்றவும் இல்லை. எல்ஸ்மியர் வீதியில், கொத்துரொட்டிக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தின் நடுவில் நின்றபடியே, கையிலிருந்த தாளை மேசையில் போட்டார்.

துப்பறிவாளர் அன்ரனெற் தாளைத் தொடுவதற்கு முன் வந்தவரின் முகத்தைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயது இருக்கும். அழுதுவிட்டு வந்த முகம் அல்ல, சண்டைக்கு வந்த முகம்.

"முதல்ல இருங்கோ அன்ரி," என்றான் உதவியாளன் அன்புராசா. "புதைக்கிறதுக்கு இன்னும் கனகாலம் கிடக்கு."

பத்து வருடம் டாக்சி ஓட்டிவிட்டு அன்ரனெற்றிடம் வந்து சேர்ந்தவன் அவன். பின் சீட்டில் ஏறுகிறவரை வீடு வருவதற்குள் சிரிக்க வைத்த பழக்கம் இன்னும் போகவில்லை. சந்திரவதனாவும் சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. உட்கார்ந்தார்.

அவர் சொன்ன கதை இது.

எண்பத்தாறில் கனடாவுக்கு அகதியாக வந்து பார்க்டேலில் ஓர் அறையில் இருந்தார். வேலைக்குப் போகும் ஸ்ட்ரீட்கார் என்ற ட்ராம் வண்டியின் சாரதி டெரிக் சாக்ஸ்பி. பனி கொட்டிய ஒரு காலையில், ஓடி வந்த அவருக்காக டெரிக் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். அதிலிருந்து தொடங்கியது. பிள்ளைகள் இல்லை. முப்பத்தொரு வருடம் ஒன்றாக வாழ்ந்தார்கள். இந்த ஜனவரியில் டெரிக் இறந்துபோனார். நிலம் உறைந்து கிடந்ததால் அஸ்தி இன்னும் வீட்டிலேயே இருக்கிறது.

ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே சாக்ஸ்பி குடும்பத்துக்கென்று ஒரு சின்ன இடுகாடு உண்டு. 1852-ல் இங்கிலாந்திலிருந்து வந்து அங்கே காடு வெட்டிய ஜோசாயா சாக்ஸ்பியும், மனைவி மேரியும், மகன்மார் வில்லியமும் ஹென்றியும் அங்கேதான் கிடக்கிறார்கள். டெரிக் ஹென்றியின் வழிவந்தவர். குடும்பச் சங்கத்தின் தலைவர் கோர்டன் சாக்ஸ்பி வில்லியத்தின் வழி.

"ஒரு கல். அதில ரெண்டு பேற்ற பேரும், ரெண்டு மொழியிலும். அவ்வளவுதான் நான் கேட்டது," என்றார் சந்திரவதனா. "டெரிக்குக்குத் தன்ர பேரைத் தமிழில எழுதத் தெரியும். கல்லில தமிழும் இருக்கவேணுமெண்டு அவர்தான் சொன்னவர். கோர்டன் ஏலாதெண்டார். நான் விடமாட்டனெண்டன். ரெண்டு கிழமையால உது வந்தது."

அன்ரனெற் தாளை எடுத்தாள். தட்டச்சு செய்த பக்கம். 1841-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் குடிசன மதிப்பீட்டின் பிரதி என்று தலைப்பு. கீழே மூன்று பெயர்கள்.

ஜோசாயா சாக்ஸ்பி, வயது 27, குடும்பத் தலைவர். மேரி, வயது 22, மனைவி. வில்லியம், ஆறு மாதம், மகன்.

அதற்கும் கீழே கோர்டனின் குறிப்பு: ஹென்றி என்ற பெயரில் ஒரு பிள்ளை இங்கிலாந்தின் எந்தப் பதிவிலும் இல்லை. ஆகவே ஹென்றி, கனடாவுக்கு வரும் வழியில் குடும்பத்தோடு வந்து சேர்ந்த அநாதைப் பிள்ளை. சங்க விதிப்படி இடுகாடு ஜோசாயாவின் இரத்தத்துக்கும் அவர்களின் துணைவருக்கும் மட்டுமே உரியது.

"அப்ப டெரிக்குக்கே அங்க இடமில்லையெண்டு சொல்லுறார்," என்றாள் அன்ரனெற்.

"ஓம். வாற சனிக்கிழமை வாக்கெடுப்பு. என்னைத் துரத்த வழியில்லாமல், செத்த மனுசனைத் துரத்துறார்."

அன்ரனெற் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு முகர்ந்து பார்ப்பது போல மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"என்னக்கா, பழசாகி மணக்குதோ?" என்றான் அன்புராசா.

"இது புதுசு. அதுதான் பிரச்சினை." அவள் இங்கு வருவதற்கு முன் வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவள். இப்படியான பதிவுகளில் கண்கள் களைத்தவள். "1841-ல கணக்கெடுக்கப் போனவைக்கு ஒரு உத்தரவு இருந்தது. பெரியாக்களின்ர வயசை ஐஞ்சின்ர மடங்காக் குறைச்சு எழுதவேணும். இருபத்தேழு எண்டா இருபத்தைஞ்சு. இருபத்திரண்டு எண்டா இருபது."

"எங்கட பொம்பிளையளுக்கு நல்ல சட்டம்."

"சில பேர் உத்தரவைக் கேளாமல் சரியான வயசையே எழுதினதும் உண்டு. அதை விடுவம். ஆனா இதைப் பார்." அவள் விரல் 'மகன்' என்ற சொல்லில் நின்றது. "ஆர் ஆருக்கு என்ன முறையெண்டு எழுத 1841 பத்திரத்தில இடமே இல்லை. அந்தக் கேள்வியை அடுத்த கணக்கெடுப்பிலதான், 1851-லதான் கேட்டவை."

சந்திரவதனா முன்னால் சாய்ந்தார். "அப்ப உந்த 'மகன்'?"

"கோர்டன் பெத்த மகன், அக்கா. ஹென்றியை வெட்டத்தான் இந்தத் தாளெண்டா, வில்லியத்துக்கு ஏன் ஒரு சொல்லைக் களவாப் போடவேணும்? அதைத்தான் நான் பார்க்கவேணும்."

*

யூனியன்வில்லில் கோர்டனின் வீடு பழைய செங்கல் வீடு. எழுபது வயதிலும் நிமிர்ந்த முதுகு. தேநீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். ஆங்கிலத்தில் மிக மரியாதையாகப் பேசினார்.

வரவேற்பறைச் சுவரை நிறைத்திருந்தது ஒரு குடும்ப மரம். கண்ணாடிச் சட்டத்துக்குள், கறுப்பு மையில், அழகான பழைய கையெழுத்து.

"என் தாத்தா எழுதியது," என்றார் கோர்டன்.

"எங்கட குடும்பத்துக்கு இப்பிடி எழுதினா நாலு சுவரும் காணாது. பக்கத்து வீட்டுச் சுவரும் கேக்கவேணும்," என்று தமிழில் முணுமுணுத்தான் அன்புராசா.

அன்ரனெற் தன் தேநீரைத் தொடவில்லை. "இந்த 1841 பதிவை நீங்களே பார்த்தீர்களா?"

"என் கண்ணால் பார்த்தேன். ஓர் எழுத்து மாறாமல் நானே தட்டச்சு செய்தேன்."

"வயது, உறவுமுறை எல்லாம் அதில் இருந்தபடியே?"

"இருந்தபடியே."

"நன்றி," என்று எழுந்துவிட்டாள் அவள். போகிற போக்கில் குடும்ப மரத்தின் முன்னால் ஒரு நிமிடம் நின்றாள்.

கார் மெயின் வீதிக்குத் திரும்பியதும் அன்புராசா வாயைத் திறந்தான். "மனுசன்ர தேத்தண்ணியிலும் சாயம் கூட, கதையிலும் சாயம் கூட."

"மரத்தைப் பார்த்தியோ?"

"பார்த்தன். ஹென்றியின்ர பேருக்குக் கீழ ஒரு வெள்ளை லேபிள். 'பெற்றோர் தெரியாது' எண்டு. கண்ணாடிக்கு மேல ஒட்டிக் கிடக்கு. போன கிழமை வேலை."

"அது கோர்டன்ர வேலை. நான் சொல்லுறது தாத்தாவின்ர வேலையை. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில பிறந்த ஊர் இருக்கு. ஜோசாயா, தோர்ன்பெக். மேரி, ஹோல்ட்பி. கனடாவில பிறந்த சின்னப் பிள்ளையளுக்குக்கூட இருக்கு. வில்லியத்துக்கு மட்டும் வெறும் இடம். அதில ஒட்டும் இல்லை, அழிப்பும் இல்லை. மரத்தை எழுதேக்கையே விட்டிருக்கிறார்."

அன்புராசா சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். "மரம் எழுதின தாத்தாவுக்குத் தன்ர தாத்தா எங்க பிறந்தவரெண்டு தெரியாமலோ?"

"தெரிஞ்சதாலதான் விட்டிருக்கிறார்."

*

யங் வீதி நூலகத்தின் கணினி முன் இருவரும் தோளோடு தோள் முட்ட உட்கார்ந்தார்கள். 1851 மதிப்பீடு. தோர்ன்பெக் ஊர் இருக்கும் இங்கிலாந்து மாவட்டம் லிங்கன்ஷயர். சாக்ஸ்பி என்று தட்டினாள் அன்ரனெற். தோர்ன்பெக் ஊரில் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. எழுத்தைக் கூட்டினாள், குறைத்தாள். இல்லை.

"கோர்டன் உண்மைதான் சொல்லியிருக்கிறாரோ?" என்றாள் எரிச்சலாக. "ஹென்றி மட்டுமில்லை, ஒருத்தருமே இல்லை."

"அக்கா, நான் கனடாவில மூண்டு பேர்," என்றான் அன்புராசா.

"என்ன?"

"எயார்போர்ட்டில எழுதினவன் என்னை அம்புறாசா ஆக்கினான். ஹெல்த் கார்டில அன்பு எண்டது நான், ராசா எண்டது என்ர குடும்பப் பேர். லைசென்சில முதல் எழுத்தே இல்லை, வெறும் ன்புராசா. என்னைப் பேரை வைச்சுத் தேடினா ஒரு பொலிசுக்கும் அகப்படமாட்டன். ஆனா எல்ஸ்மியரில வந்து கேட்டா, கொத்துக்கடைக்காரனே காட்டிக் குடுப்பான்."

அன்ரனெற் அவனை ஒரு கணம் பார்த்தாள். "பேரை விட்டுட்டு ஊரைப் பிடிக்கச் சொல்லுறாய்."

"நான் என்ர கவலையைச் சொன்னன். நீங்கள் எதையெண்டாலும் பிடியுங்கோ."

பெயர்த் தேடலை மூடினாள். தோர்ன்பெக் ஊரின் மூலப் பக்கங்களையே திறந்தாள். சின்ன ஊர். கணக்கெடுத்தவர் வீடு வீடாக நடந்த வரிசையிலேயே பக்கங்களும் ஓடின. கொல்லன் வீடு. விதவை ஒருத்தியின் வீடு. ஆலை. அதற்கடுத்த வீட்டில் அவள் கை நின்றது.

எழுதியவருக்கு ஆங்கில 'எஸ்' எழுத்தைப் பெரிதாகச் சுழிக்கும் பழக்கம் போலும். பார்க்க 'எல்' போலவே இருந்தது. அட்டவணை போட்டவர்கள் அதை லாக்ஸ்பி என்று வாசித்திருந்தார்கள்.

"ஜோசாயா, குடும்பத் தலைவர்," என்று வாசித்தாள் அன்ரனெற். "மேரி, மனைவி. ஹென்றி, மகன், நாலு வயசு, பிறந்த ஊர் தோர்ன்பெக்." அவள் குரல் உயர்ந்தது. "மகன்! ஹென்றி இருக்கிறான், அன்பு!"

"இடையில ஒரு வரி கிடக்கு, அக்கா. வில்லியம்..." அவன் கண்ணைச் சுருக்கினான். "சன்-இன்-லோ. வயது பத்து."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பத்து வயசில மருமகனோ?" என்றான் அன்புராசா. "பொம்பிளை எங்க, தொட்டில்ல கிடக்கிறாவோ?"

அன்ரனெற் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் காலத்து இங்கிலீசில சன்-இன்-லோ எண்டா மகளைக் கட்டினவன் மட்டுமில்லை. மனுசி முதல் கலியாணத்தில பெத்துக் கொண்டுவந்த பிள்ளையையும் அப்பிடித்தான் எழுதுவினம்."

"நாங்கள் மட்டும் என்னவாம்? அக்காவின்ர மோனும் மருமோன், மகளைக் கட்டினவனும் மருமோன்." சொல்லிக்கொண்டு போனவன் சடாரென்று நிறுத்தினான். "பொறுங்கோ. அப்ப வில்லியம் ஜோசாயாவின்ர பிள்ளை இல்லை?"

"பிறந்த ஊரைப் பார். ஹோல்ட்பி. தாயின்ர ஊர். அந்த ஊரை எழுதினா ஆராவது அங்க போய்த் தேடுவினம். அதுதான் தாத்தா வெறும் இடம் விட்டவர்."

ஹோல்ட்பி தேவாலயத்தின் பதிவுகளும் இணையத்தில் இருந்தன. இந்த முறை தேட வேண்டிய குடும்பப் பெயர் தெரியாததால், வில்லியம் என்ற ஞானஸ்நானங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 1840 நவம்பர்: வில்லியம், இடையன் ஜோன் பெக்குக்கும் மேரிக்கும் பிறந்த பிள்ளை. இன்னும் சில பக்கம் தள்ளி, ஜோன் பெக்கின் அடக்கம். 1845-ல் ஒரு திருமணம்: மாப்பிள்ளை ஜோசாயா சாக்ஸ்பி, மணமாகாதவர். பெண் மேரி பெக், விதவை.

அன்புராசா கதிரையில் பின்னால் சாய்ந்தான். "ஜோசாயாவின்ர இரத்தமெண்டா அது டெரிக் அங்கிள். வெளியால வந்தது கோர்டன். தான் தூக்கிக் காட்டின விதியில தானே வெளியில!"

"விதியைச் சொல்லிச் சொல்லி மற்றாக்களை அடிச்சால், ஒருத்தரும் தன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டினமெண்டு நினைச்சிருக்கிறார்," என்றாள் அன்ரனெற். பக்கங்களை அச்செடுத்தாள்.

சந்திரவதனாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா? கேக்குதோ?"

"கேக்குது. சனிக்கிழமை அந்தப் பேப்பரை நான்தான் குடுப்பன். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ, அது காணும்."

*

சனிக்கிழமை மழை தூறியது. இடுகாட்டுக்கு எதிரே இருந்த சிறிய மண்டபத்தில் முப்பது நாற்பது சாக்ஸ்பிகள் ஈரச் சப்பாத்துகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சந்திரவதனா கறுப்புச் சேலை கட்டி, மேலே கம்பளி போட்டு, முதல் வரிசையில் இருந்தார். அன்ரனெற் பக்கத்தில். அன்புராசாவைத்தான் காணவில்லை. மண்டபத்துக் கதவு மூடும் நேரத்தில் நனைந்தபடி ஓடி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான்.

கோர்டன் எழுந்து விஷயத்தைச் சொன்னார். ஹென்றி, பதிவில்லை, வருந்துகிறோம், வாக்கெடுப்பு.

சந்திரவதனா எழுந்தார். "வாக்கெடுப்புக்கு முதல் விதியை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், கோர்டன்," என்றார் ஆங்கிலத்தில்.

கோர்டன் வாசித்தார். ஜோசாயாவின் இரத்தத்தில் வந்தோரும் அவர்தம் துணைவரும் மட்டும்.

"எழுதியது யார்? ஜோசாயாவா?"

"இல்லை. 1926-ல், சங்கம் தொடங்கியபோது. என் தாத்தா."

"நன்றி." அச்செடுத்த பக்கங்களை அவர் கோர்டனின் கையில் கொடுத்தார். "இதையும் வாசியுங்கள்."

கோர்டன் முதல் பக்கத்தைப் பார்த்தார். வாசிக்கவில்லை. பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அன்ரனெற் வாயைத் திறந்தாள். சந்திரவதனாவின் கை அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தியது.



"வில்லியம், மேரியின் முதல் கணவரின் மகன்," என்றார் கோர்டன் கடைசியில். குரல் எங்கிருந்தோ வந்தது. "ஹென்றிதான் ஜோசாயாவின் மகன். அந்த 1841 பிரதி நான் பொய்யாகச் செய்தது. என் தந்தை சாகுமுன் எனக்குச் சொன்னார். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்றார்." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நீங்கள் கல்லைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எல்லோரும் பழசைக் கிளறப்போகிறார்கள் என்று பயந்தேன். யாராவது ஒருவர் வெளியே நிற்க வேண்டுமென்றால், அது நானாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்படியென்றால் வில்லியத்தின் பக்கத்துக் கல்லறைகள்? என் அம்மா அங்கேதானே இருக்கிறாள்?"

கதிரைகள் உரசின. ஒரே நேரத்தில் பலர் பேசினார்கள். அன்ரனெற் சந்திரவதனாவைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். இந்த மண்டபத்தில் பாதிப் பேரை அவரால் வெளியே அனுப்ப முடியும்.

"இருபது வருடமாக அந்த இடுகாட்டில் நானும் டெரிக்கும் புல் வெட்டினோம்," என்றார் சந்திரவதனா. அவர் கத்தவில்லை, ஆனாலும் பேச்சு அடங்கியது. "ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். வில்லியம் மரம் விழுந்து செத்தபோது ஜோசாயா உயிரோடு இருந்தார். கல் நட்டது அவர்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே யாருக்காவது தெரியுமா?"

ஒருவருக்கும் தெரியவில்லை.

"'என் மூத்த மகன்'. அதுதான் எழுதியிருக்கிறது. கொண்டுவந்த பிள்ளை என்று எழுதவில்லை. ஜோசாயா அவனை மகன் என்று சொல்லிவிட்டார். அதை மாற்ற உங்கள் தாத்தா யார்? நான் யார்?" கோர்டனின் கையிலிருந்த விதிப் புத்தகத்தைக் காட்டினார். "எனக்கு யாரையும் துரத்த வேண்டாம். அந்த ஒரு வரியை வெட்டுங்கள். நானும் போகமாட்டேன்."

அன்ரனெற் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இவருக்கு ஒரு ஆயுதத்தைத் தேடிக் கொடுத்ததாகத்தான் நினைத்திருந்தாள்.

கைகள் உயர்ந்தன. முதலில், அம்மாவைப் பற்றிக் கேட்ட பெண்ணின் கை. பிறகு வரிசை வரிசையாக. எதிர்ப்பு இல்லை. கோர்டன் கையை உயர்த்தவுமில்லை, எதிர்க்கவுமில்லை. பேனாவை எடுத்து அந்த வரியைத் தானே வெட்டினார்.

"கல் விஷயம்," என்று யாரோ நினைவூட்டினார்கள். "தமிழ் எழுத்துக்கும் அனுமதி வேண்டுமே?"

"அனுமதியா?" சந்திரவதனா கம்பளியைச் சரிசெய்துகொண்டார். "அது வெளியில் நிற்கிறது."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வாகனத் தரிப்பிடத்தில் ஒரு பிக்கப் வண்டி. பின்னால் பொலித்தீன் போர்த்திய ஏதோ ஒன்று.

அன்ரனெற் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அன்புராசா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்பு!"

"என்னைக் கேளாதேங்கோ அக்கா. அன்ரி ஏத்தச் சொன்னவ, ஏத்தினன்."

"எப்ப வெட்டக் குடுத்தனீங்கள்?" என்று சந்திரவதனாவிடம் கேட்டாள்.

"அவர் ஏலாதெண்டு சொன்ன அடுத்த நாள்."

"இண்டைக்குத் தோத்திருந்தால்?"

"தோத்திருந்தாலும் நட்டிருப்பன். பிடுங்கினா, இன்னொண்டு வெட்டியிருப்பன்."

மழை நின்றபாடில்லை. அன்புராசா பொலித்தீனை இழுத்தான். கறுப்புப் பளிங்கில் நான்கு வரிகள். இரண்டு ஆங்கிலம், இரண்டு தமிழ். சாக்ஸ்பிகள் குடைகளோடு வண்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் 'ன' எழுத்தின் சுழியை விரலால் தடவினாள்.

கடைசியாக வந்தவர் கோர்டன். குடை இல்லை. கல்லின் மேல் குனிந்தார்.

"இதில் டெரிக் எது?" என்று கேட்டார்.

சந்திரவதனா மூன்றாவது வரியைக் காட்டினார். எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசித்தார். டெரிக் சாக்ஸ்பி. பிறகு அதற்குக் கீழே தன் பெயர். அதையும் சத்தமாகவே வாசித்தார்.

"பார்த்தது காணும். கல் சரியான பாரம்," என்றான் அன்புராசா. பிறகு ஆங்கிலத்தில்: "இன்னும் ஓர் ஆள் வேண்டும்."

சாக்ஸ்பிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோர்டன் தன் கோட்டைக் கழற்றி வண்டியின் முன்பக்கத்தில் போட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, கல்லின் ஒரு மூலையைப் பிடித்தார்.